சாவி கேக்காதவ

ஜூன் 24, செவ்வாய்

அஞ்சு நாள் பெரியாஸ்பத்திரியில கிடந்துட்டு இன்னைக்குத்தான் என் மவ சுபியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். காய்ச்சல் விட்டுட்டு. கன்னம் ரெண்டும் வத்திப்போய், ஒன்பது வயசுப் பிள்ளை ஆறு வயசு மாதிரி இருக்கா.

நசீமா டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னாவ. சுபி எத்தனை தம்ளர் தண்ணி குடிக்கா, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறா, தினம் எழுதணுமாம். ஒண்ணுக்குல கிருமி சேந்து, மேல ஏறி, இடது பக்கத்துக் கிட்னி வீங்கியிருக்காம். தண்ணி குடிக்காம, வந்ததை அடக்கி அடக்கி வச்சு வந்த வினைன்னாவ. ஆகஸ்ட் நாலாம் தேதி திரும்ப ஸ்கேன். அதுக்குள்ள வீக்கம் வத்தலைன்னா என்னன்னு கேட்டேன். "அதை அப்ப பேசுவோம்மா"ன்னாவ.

டாக்டருங்க அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாவ. பெறகு வாரத்துக்கு ரெண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுத மிஷின்ல படுக்கப் போட்டு, ஒன்றரை வருஷம் இழுத்து, போய்ச் சேந்துட்டாவ. அந்தக் கையில நரம்பு புடைச்சு நின்னதை நான் மறக்கல. அதே இடத்துல சுபி கையை நினைச்சுப் பாத்தேன். நினைக்கவே கூடாது, சவத்த விடு.

இன்னொண்ணும் சொன்னாவ. கட்டம் ரெண்டு போடணுமாம், ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு எனக்கு. எனக்கு எதுக்குன்னேன். "நீங்க சொல்றதைப் பிள்ளை கேக்காது. செய்யறதைப் பாக்கும்"னாவ. எனக்குச் சுருக்குன்னுது. நான் என்னமோ பிள்ளைக்குக் கெட்டது சொல்லிக் குடுத்த மாதிரியில்லா பேச்சு போகுது.

சுபியோட போன வருஷக் கணக்கு நோட்டுல பாதி காலியா கிடந்துச்சு. முன்பக்கம் டாக்டருக்குக் கட்டம் போட்டாச்சு. நோட்டைத் திருப்பி, பின்பக்கத்துல இருந்து இதை எனக்குன்னு எழுதுதேன். எங்க வீட்டுக்காரர் இவியகிட்ட சொல்ல முடியாது. லோடு ஆட்டோ ஓட்டுத மனுஷன், மனசுல இதைப் போட்டுக்கிட்டு எங்கேயாவது கொண்டு இடிச்சாவன்னா என்ன செய்ய? எங்கேயாவது கொட்டணும்லா.

ஜூன் 25, புதன்

சுபி: ஆறு தம்ளர். நான்: எட்டு. முன்பக்கம் எழுதியாச்சு.

ஜூன் 27, வெள்ளி

இன்னைக்கு ஒரு கல்யாண ஜவுளி. பதினாலு பேர் வந்தாவ, மூணு மணி நேரம் புரட்டிப் போட்டுட்டு ஆறு சேலை எடுத்தாவ. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. பதினோரு வருஷம் நின்னுக்கிட்டே இருந்தா இடுப்பு வலிக்காம என்ன செய்யும்?

எங்க ஜவுளிக்கடை நாலு மாடி. நான் மூணாவது மாடி, பட்டு. வேலை பாக்கிற பிள்ளைகளுக்கு உள்ள பாத்ரூம் மொட்டை மாடியில இருக்கு, ஒண்ணே ஒண்ணு. அதுக்குச் சாவி புளோர் பாக்கிற ராமசுப்பு அண்ணாச்சி இடுப்புல தொங்கும். கேட்டா குடுப்பாவ, குடுக்க மாட்டேன்னு சொல்ல மாட்டாவ. ஆனா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "இப்பத்தானம்மா போயிட்டு வந்த"ம்பாவ. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். ஏறி இறங்கி வர்றதுக்குள்ள நம்ம கஸ்டமர் அடுத்தவகிட்ட போயிருவாவ. சேந்த புதுசுல ஒரு தடவை கேட்டு, எல்லாரும் திரும்பிப் பாத்து, வெக்கத்துல செத்தேன். அன்னைக்குப் பழகினதுதான். காலையில வீட்டுல ஒரு காப்பி. மதியம் சோறு தொண்டையில நிக்காம இருக்க ரெண்டு மடக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்துதான் மத்ததெல்லாம்.

போன வருஷம் தீபாவளிக்கு முதலாளி மேடை போட்டு, சிறந்த விற்பனையாளர்னு எனக்கு எவர்சில்வர் தண்ணி பாட்டில் குடுத்தாவ. மைக்கைப் பிடிச்சு அண்ணாச்சி சொன்னாவ, "சண்முகவடிவு இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு நாள் எங்கிட்டச் சாவி கேட்டதில்ல"ன்னு. புதுசுல கேட்ட அந்த ஒரு தடவையை அண்ணாச்சி மறந்துட்டாவ போல. எல்லாரும் கை தட்டினாவ. சுபியும் முன்வரிசையில உக்காந்து கை வலிக்கத் தட்டினா. அந்தப் பாட்டிலைத்தான் இப்ப பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறா.

நான்: எட்டு.

ஜூன் 30, திங்கள்

வார லீவு. பள்ளிக்கூடத்துல பாத்ரூம் நாறித்தான் கிடக்கும், அதான் பிள்ளை அடக்கியிருக்கான்னு ஒரு முடிவோட சண்டைக்குக் கிளம்பிப் போனேன். மனசுக்குள்ள நாலு கேள்வி தயார் பண்ணி வச்சிருந்தேன்.

சுபியோட கிளாஸ் ஹெலன் டீச்சர் என்னைப் பாத்ரூமுக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டினா. புதுசா டைல்ஸ் போட்டு, குழாயில தண்ணி வந்து, கதவுல தாப்பாளும் சரியா இருந்துச்சு. எங்க வீட்டுல உள்ளதை விட நல்லா இருந்துச்சு. 

தண்ணி குடிக்கதுக்குன்னே பெல் அடிக்காங்களாம். மத்த பிள்ளைக மடக் மடக்னு குடிக்குமாம். சுபி மட்டும் பாட்டிலைத் திறந்து உதட்டுல வச்சுட்டு மூடிருவாளாம். டீச்சர் ஒரு நாள் ஏன்னு கேட்டிருக்கா. அதுக்கு இவ, "வேலை பாக்கிற பொம்பளைங்க வெளிய தண்ணி குடிக்க மாட்டாங்க மிஸ், எங்கம்மா ஒரு நாள் கூட சாவி கேட்டதில்ல"ன்னாளாம். டீச்சருக்கு என்ன சாவின்னு விளங்கல. என்னைக் கேட்டா. எனக்கும் தெரியலன்னுட்டேன்.

 பிள்ளைக எதையாவது உளறும், அதைப் போயி பெருசா எடுக்கக் கூடாது. இவியகிட்ட இதைச் சொல்லல.

ஜூலை 3, வியாழன்

நான் வீட்டுக்கு வர ஒன்பதரை ஆயிருது, அதுக்குள்ள சுபி தூங்கிருதா. அதனால அவ கட்டத்தை அவளையே எழுதச் சொல்லிட்டேன். பொறுப்பு வரட்டும். டியூஷன் முடிஞ்சு வந்து பேனாவைத் திறந்து அழகா எழுதி வச்சிருக்கா: ஏழு. பாத்ததும் வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு.

ஜூலை 7, திங்கள்

என் கட்டம் நாலு நாளா எழுதாமக் கிடந்துச்சு. டாக்டரம்மா பாத்தா என்ன நினைப்பாவ? உக்காந்து மொத்தமா நிரப்பிட்டேன். அப்படியே வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் எட்டு, ஏழு, எட்டுன்னு போட்டு வச்சுட்டேன், தினம் யாரு நோட்டைத் தேடிக்கிட்டு இருக்க? எனக்கா காய்ச்சல் வந்துச்சு? சுபி பக்கத்துல வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. எட்டிப் பாத்தா, ஒண்ணும் கேக்கல.

ஜூலை 8, செவ்வாய்

தேரோட்டம். பள்ளிக்கூடத்துக்கு லீவு, எனக்கும் மதியம் வரைக்கும் லீவு. மூணு பேரும் போனோம். வெயிலுன்னா வெயிலு, ரத வீதியில நிக்க முடியல. இவிய நன்னாரி சர்பத் மூணு சொன்னாவ. நான் எனக்கு வேண்டாம்னேன், வாய் தானா சொல்லிருச்சு. சுபி என் முகத்தைப் பாத்தா. பாத்துட்டு, "எனக்கும் வேண்டாம்ப்பா, வெளியிலல்லா நிக்கோம்"னா.

இவிய சிரிச்சுக்கிட்டே, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. சேலை விக்கிறவளுக்குத் தெரியாதா"ன்னாவ. தேர் இழுக்கிற சத்தத்துல இவிய கேலி பண்ணது அங்க யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. 

வாங்கி ரெண்டு மடக்கு குடிச்சேன். சுபி என் தொண்டையவே பாத்துக்கிட்டு நின்னா. நான் முழுங்கினேனான்னு பாத்துட்டுப் பெறகுதான் அவ தம்ளரைத் தூக்கினா. முழுசும் குடிச்சா. அவ்வளவு தாகம் பிள்ளைக்கு.

நாளையில இருந்து கடையிலயும் குடிச்சிரணும்.

ஜூலை 9, புதன்

மதியம் ஒரு தம்ளர் முழுசாக் குடிச்சேன். மூணு மணிக்கு முட்டுது. அண்ணாச்சி ஒரு பார்ட்டிக்கிட்ட என்னைக் காட்டி, "பட்டுன்னா இந்தம்மாதான், காலையில நின்னா ராத்திரி வரைக்கும் நகராது"ங்காவ. எப்படிப் போய்ச் சாவி கேக்க? கேக்கல. ராத்திரி வரைக்கும் உயிர் போய் உயிர் வந்துச்சு. வீட்டுல வந்து ஒண்ணுக்குப் போகும்போது எரிஞ்சுச்சு. சூடுதான், மோர் குடிச்சா சரியாப் போகும்.

ஜூலை 14, திங்கள்

சுபி கட்டம்: எட்டு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு. ஒண்ணுக்கு ஆறு தடவை. இவிய நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, "உன் மவ உன்ன மாதிரியே கெட்டிக்காரி"ன்னாவ. எனக்குச் சந்தோஷந்தான். ஆனா எழுதினது பூரா ஒரே மையில, ஒரே அளவுல இருக்கு. நல்ல கையெழுத்து.

என் கட்டத்தையும் இந்த வாரத்துக்கு நிரப்பிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. தள்ளுபடி. கடை திறக்கு முன்னாலேயே வாசல்ல கூட்டம் நெரியுது. ஆடி முடியிற வரைக்கும் வார லீவு கிடையாது. சாவி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான்னு அண்ணாச்சி காலையிலேயே சொல்லிட்டாவ. சுடிதார் செக்ஷன் ஜெபராணி முணுமுணுத்தா. அண்ணாச்சி என்னைக் காட்டி, "அந்தம்மாவைப் பாத்துப் படிங்க"ன்னாவ. ஜெபராணி என்னை ஒரு பார்வை பாத்தா. பதினோரு வருஷத்துல அந்த மாதிரி ஒரு பார்வையை நான் பாத்ததில்ல.

வீட்டுல போய்ச் சுபியை எழுப்பி, தண்ணி குடிச்சியாட்டின்னு கேட்டேன். தூக்கத்துல "எட்டு"ன்னா.

ஜூலை 22, செவ்வாய்

சுபிக்கு உடம்பு லேசா சுடுது. வெயில்தான்.

ஜூலை 23, புதன்

வெயில் இல்ல.

காலையில பல்லு கிட்டிக்கிட்டு நடுங்கினா. நூத்தி மூணு. இவிய ஆட்டோவை எடுக்கப் போனாவ, நான் ஆஸ்பத்திரி சீட்டையும் நோட்டையும் பைக்குள்ள போட எடுத்தேன். எத்தனை குடிச்சான்னு டாக்டரம்மா கேப்பாவல்லான்னு முன்பக்கத்தைத் திறந்தேன்.

இன்னைக்கு இருபத்திமூணு. சுபி கட்டத்துல இருபத்திமூணுக்கு எட்டுன்னு இருந்துச்சு. காலையில ஆறே முக்கால் மணி. இருபத்திநாலுக்கு ஏழு. இருபத்தஞ்சுக்கு எட்டு. இருபத்தேழு ஞாயிறு வரைக்கும் எழுதியிருந்தா. நடக்காத நாளுக்கெல்லாம் தண்ணி குடிச்சு வச்சிருக்கா என் பிள்ளை.

பக்கத்துலேயே என் கட்டம். அதுவும், திங்கக்கிழமை நான் நிரப்பி வச்சது, இருபத்தேழு வரைக்கும்.

 எனக்கு வந்தது கோவந்தான், உள்ளதைச் சொல்லுதேன். காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளை முன்னால நோட்டை நீட்டி, என்னட்டி இதுன்னு கேட்டேன். அவ போர்வைக்குள்ள இருந்து என்னைப் பாத்தா. பயந்த மாதிரியே இல்ல. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

"நீயும் அப்படித்தானேம்மா எழுதுத?"

பாட்டில் தண்ணி என்னாச்சுன்னேன். பள்ளிக்கூடக் கேட்டுப் பக்கத்துல வேப்பங்கன்னு ஒண்ணு இருக்காம், சாயங்காலம் அதுக்கு ஊத்திருவாளாம். யாரு சொல்லித் தந்தான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீயும் கடை வாசல்ல ஊத்துவேல்லா. பொங்கலுக்கு அப்பாகூட உன்னைக் கூப்பிட வந்தப்ப பாத்தேன்."

வெறும் பாட்டிலா வீட்டுக்குப் போனாத்தான், ஏன் குடிக்கலன்னு இவிய கேக்காம இருப்பாவன்னு, நான் கடைக்குக் கொண்டு போற தண்ணியைத் தினம் படிக்கட்டு ஓரத்துல ஊத்துவேன். இருட்டுல யாரு பாக்கப் போறான்னு நினைச்சேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதை.

ஜூலை 24, வியாழன்

பெட் கிடைச்சிருக்கு. கையில ஊசி குத்தி மருந்து ஏறுது. அவ கையில நரம்பே தெரியல, நாலு இடத்துல குத்தினாங்க. சுபி கத்தல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அடக்கினா. அடக்கதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நசீமா டாக்டர் காலையில ரவுண்ட்ஸ் வந்தாவ. நோட்டைக் கேட்டாவ. குடுத்தேன், வேற என்ன செய்ய? முன்பக்கத்தைப் பக்கம் பக்கமாப் பாத்துட்டு, சுபி கன்னத்தைத் தட்டி, "சமத்து, தினம் எட்டு தம்ளரா?"ன்னாவ. சுபி என்னைப் பாத்தா. நான் ஜன்னலைப் பாத்தேன்.

டாக்டரம்மா இவியகிட்டத் திரும்பிச் சொன்னாவ, இவ்வளவு நல்லாத் தண்ணி குடிச்சும் திரும்ப வருதுன்னா இது தண்ணி சமாச்சாரம் இல்ல, உள்ள வேற ஏதோ கோளாறு இருக்கணும்னு. ஒண்ணுக்குப் போற வழியில குழாய் விட்டு, மருந்தை ஏத்திப் படம் எடுக்கணுமாம். மயக்கம் குடுக்க மாட்டாங்களாம். நாளைக்குக் காலையில. அதுல ஏதாவது தெரிஞ்சா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்னாவ.

சுபி என் சுண்டு விரலைப் பிடிச்சா. பிடிச்ச பிடியை விடவே இல்ல. ஆனா வாயைத் திறக்கல. நான் திறந்தாத்தான் அவளும் திறப்பா. நான் திறக்கல. இவிய பக்கத்துல நிக்காவ, ரெண்டு நர்ஸ் நிக்காவ, அடுத்த பெட் அம்மா காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கா. வாய் வரைக்கும் வந்துச்சு. டாக்டரம்மா அடுத்த பெட்டுக்குப் போயிட்டாவ.

பொய் எழுதினது நான், குழாய் அவளுக்கு. இப்பவும் உக்காந்து எழுதிக்கிட்டுத்தான் இருக்கேனே தவிர எந்திரிச்சுப் போகல. என்னத்த மனுஷி நான்.

ஜூலை 25, வெள்ளி

சொல்லிட்டேன்.

விடிஞ்சதும் பச்சைத் துணி போட்ட தள்ளுவண்டி வந்துச்சு. சுபி அதைப் பாத்தா, பெறகு கேட்டா: "அம்மா, வலிச்சா அழலாமா? இல்ல அடக்கணுமா?"

தள்ளுவண்டிக்காரரை நில்லுங்கன்னேன். டாக்டர் ரூமுக்கு ஓடினேன், செருப்பு கூடப் போடல.  நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தை மேல வச்சு மேசையில போட்டேன். வாசிங்கன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சாவ. ஜூன் இருபத்திநாலுல இருந்து ஒரு வரி விடாம வாசிச்சாவ.  பின்னாலயே வந்த இவியளும் டாக்டர் தோள் வழியா வாசிச்சாவ.

வையிவாவன்னு நினைச்சேன். வையல. குழாய் டெஸ்ட் இப்ப வேண்டாம், முதல்ல காய்ச்சல் இறங்கட்டும், பிள்ளை நிஜமாவே தண்ணி குடிச்சு நாலாந்தேதி ஸ்கேன் எப்படி இருக்குன்னு பாப்போம்னாவ. பெறகு மேசை டிராயரைத் திறந்து டெஸ்டுக்கு ஒண்ணுக்குப் பிடிச்சுக் குடுக்கிற மூடி போட்ட சின்ன டப்பா ஒண்ணை எடுத்து என் முன்னால வச்சாவ.

"எரியுதுன்னு எழுதியிருக்கீங்களே. எத்தனை நாளா?"

எனக்கு நாள் கணக்கு தெரியல, வருஷந்தான் தெரியும். டப்பாவை எடுத்துட்டுப் போனேன்.

இவிய வராண்டாவுல நின்னுக்கிட்டு இருந்தாவ. என்னைப் பாக்கல. "பதினோரு வருஷமா?"ன்னு மட்டும் கேட்டாவ. அண்ணனைத் தூக்கிக் குடுத்த மனுஷன்.  பெறகு கீழ போய் ரெண்டு இளநி வாங்கிட்டு வந்து, ஒண்ணை என் கையில வச்சு, குடிச்சு முடிக்கிற வரைக்கும் முன்னாலேயே நின்னாவ.

ஜூலை 29, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாச்சு. முன்பக்கத்துல பழசு எல்லாத்தையும் சுபியும் நானும் சேந்து அடிச்சோம். ஸ்கேல் வச்சு அடிச்சா, ஒழுங்கு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போகணும். டீச்சர்கிட்டக் கேட்டு ஒண்ணுக்குப் போவியாட்டின்னேன். நீ சாவி கேப்பியான்னா. கேப்பேன்னேன். "நீ கேட்டா நானும் கேப்பேன்"னா. நம்ம பேச்சை இனி பிள்ளை நம்பாது, பாத்துட்டுத்தான் நம்பும்.

என் டப்பா ரிசல்ட்டும் வந்துச்சு. கிருமி இருக்கு, உப்பும் கூடுதலாம். நாலாந்தேதி எனக்கும் ஸ்கேன் எழுதியிருக்காவ.

ஜூலை 31, வியாழன்

இன்னைக்கு நடந்ததை அப்படியே எழுதுதேன்.

காலையில ரெண்டு தம்ளர் குடிச்சுட்டுத்தான் கடை ஏறினேன். பதினோரு மணிக்கு ஒண்ணு. பன்னெண்டரைக்கு முட்டிட்டு. ஆடிக் கூட்டம், என் முன்னால ஏழு பேர். அண்ணாச்சி கல்லாப் பக்கம் நின்னாவ. இருபது அடிதான் இருக்கும். அந்த இருபது அடி நடக்க எனக்கு வந்த பயம் பிரசவத்துக்குக் கூட வரல. வேலையை விட்டு நிறுத்திட்டா? எல்லாரும் சிரிச்சா? கையில இருந்த சேலையை மடிக்காமக் கூட வச்சுட்டு நடந்தேன்.

"அண்ணாச்சி, சாவி குடுங்க."

அண்ணாச்சிக்குக் காது கேக்கலயோ என்னமோ. திரும்பச் சொன்னேன், சத்தமாவே. சுடிதார் செக்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நீயுமா வடிவு?"ன்னாவ.

கொஞ்ச நேரம் கழிச்சுப் போகக்கூடாதான்னாவ. பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்ததும், பிள்ளையைக் கெடுத்தது எதுன்னும் சொல்ல நினைச்சேன். சொன்னா அங்கேயே அழுதுருவேன். அதனால கையை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னேன். நீட்டின கையை மடக்கல. கஸ்டமர் அம்மா ஒருத்தி, "குடுத்து விடுங்களேன் அண்ணாச்சி, பாவம்"னா. இடுப்புல இருந்து கழத்திக் குடுத்தாவ.

மொட்டை மாடியில வெளிய வந்து நின்னு அழுதேன். இறங்கி வர்றப்ப படிக்கட்டுல ஜெபராணி நின்னுக்கிட்டு இருந்தா, சாவியை வாங்க. அவளுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேர்.

சாயங்காலம் என்னைப் பட்டுல இருந்து எடுத்துக் கீழ்த்தளத்துல போர்வை, தலையணை உறைக்குப் போட்டுட்டாவ. போடட்டும். அங்கன நின்னு அழுகை வந்துச்சு, அது வேற.

வீட்டுக்கு வந்தா சுபி தூங்காம உக்காந்திருக்கா. கேட்டியான்னா. கேட்டேன்னேன். என் முகத்தையே ரொம்ப நேரம் பாத்தா. பெறகு, அண்ணாச்சி என்ன சொன்னாவன்னு கேட்டா. ஒண்ணு விடாம, போர்வை செக்ஷனுக்கு மாத்தினது வரைக்கும் சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுபி: அஞ்சு தம்ளர். டீச்சர்கிட்ட ஒரு தடவை கேட்டாளாம். ஒரு தடவைதான்.

நான்: ஆறு. நிஜம்.

வேப்பங்கன்னு காஞ்சிருமேன்னு கவலைப்படுதா மூதி. அதுக்குத் தனியா ஒரு பாட்டில் கொண்டு போன்னேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

போர்வை செக்ஷனுக்கு எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டாப் போடட்டும்னு லீவு போட்டுட்டேன்.

ஸ்கேன் ரூம் வாசல்ல எங்களை மாதிரி அம்பது பேர் உக்காந்திருந்தாவ. ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணி குடிக்கணும், முட்டினதும் சொல்லணும். நானும் சுபியும் எதிரும் புதிருமா உக்காந்து தம்ளருக்குத் தம்ளர் குடிச்சோம். இவிய ஊத்திக் குடுத்தாவ. சுவத்துல மாட்டின சாமி படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாவ.  வீக்கம் வத்தலைன்னா, வத்தலைன்னான்னு அது ஒண்ணுதான் மனசுல ஓடுது.

ஸ்கேன் முடிஞ்சு சுபி முதல்ல வெளிய வந்தா. வராண்டா நடுவுல நின்னு, அம்பது பேருக்கும் கேக்கிற மாதிரி, "அக்கா, எனக்கு ஒண்ணுக்கு வருது, பாத்ரூம் எங்க இருக்கு?"ன்னு நர்ஸைக் கேட்டா. எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. சுபி எல்லாரையும் ஒரு சுத்து பாத்துட்டு, நர்ஸ் கை காட்டின பக்கமா நடந்து போனா. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. மேடையில பாட்டில் வாங்கினப்போ கூட இப்படி இல்ல.

ரெண்டு மணிக்கு நசீமா டாக்டர் கூப்பிட்டாவ. சுபிக்கு வீக்கம் முக்காவாசி வத்திட்டு. ஒரு சின்னத் தழும்பு விழுந்திருக்கு, அது போகாது, ஆனா அதோட வாழலாம், இப்படியே தண்ணி குடிச்சுக்கிட்டு வந்தாப் போதும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும்னாவ. இவிய அங்கேயே சட்டையைத் தூக்கிக் கண்ணைத் துடைச்சாவ.

பெறகு என் படத்தை எடுத்து விளக்குல வச்சாவ. சுபி படத்தை விட ரொம்ப நேரம் பாத்தாவ. ஒரு தடவை எடுத்துட்டுத் திரும்பவும் வச்சுப் பாத்தாவ. எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"வர்ற வியாழக்கிழமை நீங்க மட்டும் வாங்க. இன்னொரு டெஸ்ட் எடுத்துட்டுப் பேசுவோம்மா."

இவிய சுபிக்கு பலூன் வாங்கப் போயிட்டதால அவியளுக்குக் காதுல விழல. சுபி நின்னா. அவளுக்கு விழுந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு என் முன்னால உக்காந்துட்டா. இன்னைக்கு அவளுக்கு ஒன்பதுன்னு எழுதினா. உனக்கு எத்தனைன்னு கேட்டா. காலையில ஆஸ்பத்திரியில குடிச்சது ஆறு, பெறகு பயத்துல ஒண்ணும் இறங்கலன்னு சொன்னேன். பயமா இருக்காம்மான்னா. ஆமாட்டின்னேன். எந்திரிச்சுப் போய் ஒரு தம்ளர் தண்ணி மோந்துட்டு வந்து என் முன்னால வச்சு, என் தொண்டையவே பாத்துக்கிட்டு நின்னா. குடிச்சேன். ஏழுன்னு எழுதினா.

நாளைக்கு உள்ள கட்டம் ரெண்டும் காலியா இருக்கு.